நாய்க்கு எதுக்குங்க தேசியப் பூங்கா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது நாய் பிடிக்காதவன் எழுதற பதிவு இல்ல. இதை டைப் அடிக்கற இந்த நிமிஷம் மேசைக்கு அடியில ரெண்டு பேர் படுத்திருக்காங்க. ஒருத்தன் கருப்பன், சுத்தமான நாட்டு நாய், பேருக்கு ஏத்த கலர். இன்னொருத்தி ராணி, லேப்ரடார், அவ கதை பின்னாடி வருது. என் வலது கால் மேல ராணியோட தலை. கால் மரத்துப்போய் பத்து நிமிஷம் ஆச்சு, எடுக்க மனசு வரல. அதனால 'உனக்கெல்லாம் நாயோட அருமை தெரியுமாய்யா'ன்னு ஆரம்பிக்க நினைக்கறவங்க தயவுசெஞ்சு வேற பாயிண்ட் தேடிக்கோங்க :-)

மேட்டருக்கு வர்றேன்.

போன வாரம் ஒரு பயணப் பதிவு கண்ணுல பட்டுச்சு. யார் எழுதினதுன்னு சொல்லப் போறதில்ல, சுட்டியும் கிடையாது. வேனுக்குள்ள கட்டில், அடுப்பு, சிங்க்குன்னு ஒரு வீட்டையே கட்டிக்கிட்டு, ரெண்டு நாயையும் ஏத்திக்கிட்டு ஏற்காடு, முதுமலை, பந்திப்பூர்னு ஒரு சுத்து சுத்திட்டு வந்திருக்காங்க புருஷனும் பொண்டாட்டியும். படமெல்லாம் அருமை. எழுத்தும் நல்லாத்தான் இருந்துச்சு. முதுமலை கிட்ட வந்ததும் புலம்பல் ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல கேம்பர் வேனும் நாயுமா ஒவ்வொரு நேஷனல் பார்க்கா ஜாலியா சுத்தறாங்களாம். நம்ம நாட்டுல மட்டும்தான் நாயைப் பார்த்தா ஃபாரஸ்ட்காரங்க மூஞ்சியைச் சுளிக்கறாங்களாம். நாயும் குடும்பத்துல ஒருத்தர்னு இவங்களுக்கு எப்பப் புரியுமோன்னு ஒரு பெருமூச்சு. கீழ வரிசையா 'சூப்பர்', 'அருமை', 'நானும் அடுத்த மாசம் கிளம்பறேன்'.

இதுகூடப் பரவாயில்லைங்க. ஏற்காடு பத்தி எழுதின இடத்துல நாலே வரி. வாழவந்தி பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல ராத்திரி வண்டியை நிறுத்தினாங்களாம், காலையில அவங்க செல்லக்குட்டி ஒரு காட்டெருமையையே துரத்துச்சாம், செம த்ரில்லாம், நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம்.

அந்தக் காப்பித் தோட்டம் என்னுது.

தோட்டம்னதும் பெரிய துரைன்னு நினைச்சுடாதீங்க. மூணு ஏக்கர். சில்வர் ஓக் நிழல்ல காப்பி, சில்வர் ஓக்ல ஏத்திவிட்ட மிளகுக்கொடி, நடுநடுவுல பலா, ஓரத்துல நாலு ஆரஞ்சு. தங்கமணி வீட்டு வழியில வந்தது, நான் சும்மா வேடிக்கை பாக்கற ஆளு. போன டிசம்பர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த வேன் வந்து நின்னுச்சு. பக்கவாட்டுல பெருசா நாய்ப்பாதம் ஸ்டிக்கர். 'சார், இன்னிக்கு ராத்திரி மட்டும் பார்க் பண்ணிக்கலாமா?' கேட்டவிதம் ரொம்ப மரியாதையா இருந்துச்சு. உள்ள எட்டிப் பார்த்தா ஒரு ஹஸ்கி, ஒரு பீகிள். ஹஸ்கி! சைபீரியாவுல பனிவண்டி இழுக்கறதுக்குப் பொறந்த ஜீவன், சேலம் வெயில்ல ஏறி வந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு படுத்திருக்கு. பாவமா இருந்துச்சு. காப்பி காயப்போடற களத்துல நிறுத்திக்கோங்கன்னு சொன்னேன். அதோட விட்டேனா? 'காலையில நாயை எங்க சார் வாக்கிங் கூட்டிட்டுப் போலாம்'னு கேட்டப்ப, கீழ ஓடை வரைக்கும் ஒரு தடம் போகுது, நல்லா இருக்கும்னு கையை நீட்டி வழி காட்டினவனும் நான்தான். சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு நம்ம பதிவுலகத்துல சொல்வோமே, அது இதான்.

காலையில ஏழு, ஏழே கால் இருக்கும். பனி இன்னும் இறங்கல. அவங்க ரெண்டு பேரும் அந்தத் தடத்துல இறங்கி, சுத்திப் பார்த்து, யாரும் இல்லைன்னு பீகிளைச் சங்கிலியில இருந்து அவுத்து விட்டிருக்காங்க. பீகிள்ங்கறது முயல் வேட்டைக்காகவே இங்கிலாந்துல உருவாக்கின சாதி. மூக்கு தரையில ஒட்டிடுச்சுன்னா காது கேக்காது அதுக்கு. ஓடைக்கு அந்தாண்ட உண்ணிச்செடிப் புதருக்குள்ள ஒரு காட்டுமாடு கன்னோட நின்னிருக்கு. (பேப்பர்ல எல்லாம் காட்டெருமைன்னுதான் எழுதறாங்க. அது எருமை இல்லைங்க, மாடு. வளர்ந்த கடா ஒரு டன்னை நெருங்கும்.) இவன் போய் கன்னு முன்னாடி நின்னு குலைச்சிருக்கான்.

தாய் என்ன பண்ணும்? துரத்துச்சு.

அப்ப நாய் என்ன பண்ணும்? இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. காட்டுக்குள்ள போய் வம்பு இழுத்த நாய் காட்டுக்குள்ளயே ஓடாது. மனுஷங்க எங்க இருக்காங்களோ அங்கதான் திரும்பி ஓடி வரும். ஏன்னா அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாதுகாப்பு நாமதான். பின்னாடியே அதுவும் வரும். நாய் புதர்ல நுழைஞ்சு தப்பிச்சிடும், எதிர்ல நிக்கறவன் மாட்டுவான்.

அந்த நேரம் எதிர்ல வந்தது எங்க தோட்டத்துல காப்பிப் பழம் பறிக்க வர்ற பொம்பளைங்க நாலு பேர். மூணு பேர் மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கிட்டாங்க. அம்பத்தஞ்சு வயசு அக்கா ஒருத்தர், எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எங்க தோட்டத்துக்கு வர்றவங்க, கல்லுக்கட்டு வரப்புல இருந்து கீழ குதிச்சு விழுந்துட்டாங்க. மாடு அவங்களைத் தாண்டி நேராப் போயிடுச்சு. சாமி புண்ணியம். இடது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு.

கீழ ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. டிசம்பர்ல ஆறு வாரம்னா என்னன்னு காப்பி வெளையற ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும். வருஷத்துல கூலி கணிசமாக் கையில வர்றதே அந்தப் பறிப்பு சீசன்லதான், அதுவும் கிலோ கணக்கு. ஒத்தைக் கையால பறிச்சா எத்தனை கிலோ தேறும்? 'விடு தம்பி, உயிர் தப்புச்சே'ன்னாங்க அக்கா. அதைக் கேட்டப்ப எனக்கு எங்க மூஞ்சியை வெச்சுக்கறதுன்னு தெரியல. வழி காட்டின கை என்னுது.

நாங்க ஜீப்ல ஏத்திக்கிட்டு கிளம்பறப்ப அந்த ரெண்டு பேரும் தோட்டம் முழுக்க பீகிள் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணு நிஜமாவே அழுதுச்சு. நடிப்பெல்லாம் இல்ல. மத்தியானம் அது மேல ஒரு வீட்டுத் திண்ணையில களி தின்னுட்டுப் படுத்திருந்துச்சாம். கூட்டிக்கிட்டு, எங்க வீட்டுக்காரம்மாகிட்ட 'தேங்க்ஸ் ஆன்ட்டி' சொல்லிட்டு கிளம்பிட்டாங்க. அக்காவுக்கு அடிபட்டது அவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஆனா பதிவு எழுத உக்காந்தப்ப அது ஞாபகத்துல இல்ல. த்ரில்தான் ஞாபகத்துல இருந்துச்சு.

இதான் என் கோவமே. இவங்க கெட்டவங்க இல்லைங்க. கெட்டவங்களா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம். பாசத்துல கண்ணு மறைக்குது. அந்த வேனைச் சுத்தி இருக்கற உலகத்துல உயிரோட இருக்கறது அவங்க நாய் மட்டும்தான். மாடு ஒரு சீனரி. அக்கா அந்த சீனரியிலகூட இல்ல.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம். அங்க விடறாங்களாம்ல?

உலகத்துலயே முதல் தேசியப் பூங்கா யெல்லோஸ்டோன், 1872-ல அறிவிச்சது. கேம்பர் வேன்ல போறவங்களுக்கு அதுதான் காசி ராமேஸ்வரம் மாதிரி. அங்க நாய் விதி என்னன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. ரோடு, பார்க்கிங், கேம்ப் போடற இடம், இதுல இருந்து நூறு அடிக்குள்ளதான் நாய் இருக்கலாம். கழுத்துல கயிறு, அதுவும் ஆறடிக்கு மேல நீளக்கூடாது. நடைபாதைத் தடம் எதுலயும் நாய்க்கு அனுமதி இல்ல. வெந்நீர் ஊத்துகளைச் சுத்திப் போட்டிருக்கற மரப்பலகைப் பாதையிலயும் இல்ல. கட்டிப்போட்டுட்டு விட்டுட்டுப் போகவும் கூடாது. அதாவது நாயோட யெல்லோஸ்டோன் போனா, நாய் பாக்கறது பார்க்கிங் லாட். ஒருத்தர் நாயைப் பிடிச்சுக்கிட்டு வண்டியிலயே நிக்கணும், இன்னொருத்தர் போய்ப் பார்த்துட்டு வரணும். கோயிலுக்கு வெளிய செருப்புக்குக் காவல் நிக்கற மாதிரி. மெய்ன் மாகாணத்துல இருக்கற அகேடியா மாதிரி சில பூங்காக்கள்ல தடங்கள்ல நடக்க விடறாங்க, அது உண்மைதான், அங்கயும் கயிறு கட்டாயம். நம்மாளுங்க படத்துல பாக்கற முக்கால்வாசி நாய் அந்த நூறு அடிக்குள்ள எடுத்ததுதான்.

அந்த விதியை எந்த ஆபீசரும் சும்மா உக்காந்து யோசிச்சு எழுதல. 1981 ஜூலை 20, யெல்லோஸ்டோன்ல செலஸ்டைன்னு ஒரு வெந்நீர்க் குளம். தண்ணி சூடு 94 டிகிரி செல்சியஸ். வண்டியில இருந்து தப்பிச்ச ஒரு நாய் அதுக்குள்ள குதிச்சிடுச்சு. அதைக் காப்பாத்த, கூட வந்த 24 வயசுப் பையன் சுத்தி நின்னவங்க வேண்டாம் வேண்டாம்னு கத்தக் கத்த தலைகீழாப் பாய்ஞ்சான். நாய் அங்கயே போச்சு. பையன் மறுநாள் ஆஸ்பத்திரியில போயிட்டான். அது அவன் நாய்கூட இல்ல, சிநேகிதனோடது. பாசம் எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகும்னு பாருங்க. அந்த இடத்துல நாய் இருந்திருக்கவே கூடாதுங்கறதுதான் விஷயம். அவனுக்கு மூளை இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ராணி விழுந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல.

இப்ப முதுமலை. அது 2007-ல புலிகள் காப்பகமா அறிவிச்ச இடம். உள்ள போய்ப் பாக்கணும்னா வனத்துறை வண்டியிலதான் போகணும், உங்க கேம்பரை ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. மைசூர் - ஊட்டி ரோடு நடுவுல போகுது, அதுலயும் வழியில நிறுத்தக்கூடாது. பந்திப்பூர் பக்கம் 2009-ல இருந்து ராத்திரி 9 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் ரோட்டையே மூடிடறாங்க. அப்ப நீங்க சஃபாரி போற நேரத்துல உங்க 'குடும்பத்துல ஒருத்தர்' எங்க இருப்பார்? பூட்டின வேனுக்குள்ள. வெளிய 22 டிகிரி குளுகுளுன்னு இருந்தாலும், வெயில்ல நிக்கற மூடின வண்டிக்குள்ள ஒரு மணி நேரத்துல 40 டிகிரியைத் தாண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு அளந்து பார்த்தே எழுதி வெச்சிருக்காங்க. நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, மூச்சு இரைச்சுத்தான் சூட்டைத் தள்ளணும். அதுலயும் ஹஸ்கி! ஆக இந்தப் பயணம் யாருக்காகன்னு எனக்கு நிஜமாவே புரியல. புலிக்கு வேண்டாம், மானுக்கு வேண்டாம், நாய்க்கும் ஒரு சுகமும் இல்ல. போட்டோவுக்குத்தான்.

'நாங்க எல்லா ஊசியும் போட்டிருக்கோம்' - இது அடுத்த வாதம். சந்தோஷம். நல்ல விஷயம். ஆனா செக்போஸ்ட்ல நிக்கற கார்டு ஒவ்வொரு நாயோட ஊசிப் புஸ்தகத்தையும் வாங்கிப் படிச்சுட்டா இருப்பார்? போட்டவங்க, போடாதவங்க, பூஸ்டர் மறந்தவங்க எல்லாரும் ஒரே க்யூவுலதான் வருவாங்க.

ஊசியில டிஸ்டம்பர்னு ஒரு வியாதி இருக்கும் பாருங்க, குட்டி வளர்த்தவங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். 1994-ல ஆப்பிரிக்காவுல செரங்கெட்டி காட்டுல அந்த வியாதி சிங்கங்களுக்குள்ள புகுந்துச்சு. சுமார் மூவாயிரம் சிங்கத்துல மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்த வீட்டு நாய்கள் மேலதான் விரல் போச்சு. எங்கயோ ஆப்பிரிக்கா கதைன்னு விட முடியாது. 2018 செப்டம்பர்ல குஜராத் கிர் காட்டுல தல்கானியாங்கற ஒரே ரேஞ்சுல மூணு வாரத்துக்குள்ள 23 சிங்கம் செத்துச்சு. பரிசோதனையில அதே டிஸ்டம்பர் வைரஸ். அவசர அவசரமா அமெரிக்காவுல இருந்து தடுப்பூசி வரவழைச்சாங்க. ஆசியச் சிங்கம் காட்டுல வாழறது உலகத்துலயே கிர்லயும் அதைச் சுத்தியும் மட்டும்தான். முதுமலையில சிங்கம் இல்ல சரி, புலிக்கும் அந்த வியாதி வரும். செந்நாய் இருக்கு, அது நம்ம வீட்டு நாயோட தாயாதி முறை. இங்க தொத்தற வியாதி அங்க தொத்தறதுக்கு விசாவா வேணும்?

சட்டத்துல ஒரு கூத்து பாருங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 33-ஏன்னு ஒரு பிரிவு, சரணாலயத்தைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருக்கற கால்நடைக்குத் தொத்துநோய் ஊசி போடணும்னு சொல்லுது. ரொம்ப சரி. கால்நடைன்னா எதெதுன்னு அதே சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு. எருமை, காளை, பசு, ஒட்டகம், கழுதை, ஆடு, குதிரை, பன்னி, வாத்து வரைக்கும் வருது. நாய் வரல. வாத்துக்கு இருக்கற பயம் நாய்க்கு இல்ல போல. என்ன கொடுமைங்க இது.

'கயிறு போட்டுத்தானே கூட்டிட்டுப் போறோம்'னு ஒரு குரூப் இருக்கு. இவங்ககூட எனக்கு மனசுல கொஞ்சம் இணக்கம் உண்டு, நானும் அந்தக் கட்சியிலதான் இருந்தேன். அப்புறம் ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் காட்டுத் தடங்கள்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் செஞ்ச சோதனையைப் படிச்சேன், 2007-ல வெளிவந்தது. கயிறு கட்டின நாயை ஒரு தடவை தடத்துல நடத்திக் கூட்டிட்டுப் போய், உடனே பறவைகளை எண்ணியிருக்காங்க. நாய் போகாத தடத்தோட ஒப்பிட்டா பறவை வகைகள் 35 சதவீதம் குறைவு, எண்ணிக்கை 41 சதவீதம் குறைவு. தினமும் நாய் போற இடத்துலயும் பறவைங்களுக்கு அது பழகல. நாய் ஒண்ணுமே பண்ணல. குலைக்கல, துரத்தல. சும்மா நடந்துச்சு, அவ்வளவுதான். காட்டுல இருக்கறதுக்கு நாய்ங்கறது உங்க செல்லக்குட்டி இல்லைங்க, ஒரு ஓநாய். வேட்டையாட வந்திருக்கு.

நம்ம ஊர் கணக்கும் இருக்கு. இந்தியா முழுக்க நாய் எந்தெந்த காட்டு உயிரைத் தாக்குதுன்னு தகவல் சேத்து 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 80 இனங்கள், அதுல 31 ஏற்கெனவே அழிவு அபாயப் பட்டியல்ல இருக்கறது. சென்னைக்காரங்க தூரமாப் போக வேண்டாம், கிண்டி தேசியப் பூங்காவும் அதை ஒட்டின ஐஐடி வளாகமும் போதும். மானும் வெளிமானும் நாய் கடிச்சுச் சாகறது அங்க வருஷக்கணக்கா நடக்கற வழக்கு. மூணு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத காடு, சுத்தி முழு நகரம். மான் எங்க ஓடும்?

இப்ப நீங்க கேக்கணும், கேக்காம விட்டா நீங்க நல்ல வாசகர் இல்ல: 'யோவ், ஊர் நாய்ங்க பண்றதை விடவா டூரிஸ்ட் நாய் பண்ணிடுது? உன் கருப்பன் என்ன புத்தரா?'

இல்ல. கருப்பன் புத்தர் இல்ல. மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் விடியக்காலையில ஒரு முயல்குட்டியைக் கவ்விட்டு வந்து வாசப்படியில வெச்சுட்டு, வாலை ஆட்டிக்கிட்டு நின்னான், பாராட்டு எதிர்பார்த்து. தங்கமணி அன்னிக்குப் பூரா எங்கிட்டயும் பேசல, அவன்கிட்டயும் பேசல. அதுக்கப்புறம் அவன் ராத்திரி கட்டுலதான். மேல இருக்கற ஊர்கள்ல மலையாளி சனங்க (கேரளா இல்லைங்க, இந்த மலையோட பழங்குடி மக்கள்) வளர்க்கற நாய்களும் காட்டுப் பக்கம் போகும், இல்லைன்னு சொல்லல. ஊர் நாய்னால காட்டுக்குக் கேடு அதிகமா, வெளிநாய்னால அதிகமான்னா, எண்ணிக்கையில பார்த்தா ஊர் நாய்தான். ஒத்துக்கறேன்.

ஆனா அது உங்களுக்கு லைசென்ஸ் ஆகுமா? பக்கத்து வீட்டுக்காரன் குப்பையைத் தெருவுல கொட்டறான், அதனால நானும் கோயமுத்தூர்ல இருந்து வேன் வெச்சுக் கொண்டு வந்து கொட்டறேன்னு சொன்னா எப்படி இருக்கும்? தவிர, மலை நாய்க்கு மாட்டைத் தெரியும். கருப்பன் காட்டுமாடு வாசனை வந்தா வாலைச் சுருட்டிக்கிட்டு என் காலுக்கடியில வந்துடுவான். வீட்டு சோபாவுல வளர்ந்த பீகிளுக்கு அது என்னன்னே தெரியாது, அதான் கன்னு முன்னாடி போய் நின்னான்.

சிறுத்தையை மறந்துட்டேன் பாருங்க. மகாராஷ்டிராவுல அகோலேன்னு ஒரு இடம், காடே இல்ல, கரும்புக்காடும் ஊரும்தான். அங்க வாழற சிறுத்தைகளோட எச்சத்தை எடுத்து ஆராய்ஞ்சதுல, அதோட சாப்பாட்டு எடையில 39 சதவீதம் வீட்டு நாய், தெரு நாய். ஆட்டை விட அதிகம். உங்க வேன் வாசல்ல கட்டிப் போட்டிருக்கறது என்ன மெனுவுல வருதுன்னு புரியுதுங்களா?

எங்க சேர்வராயன் மலை தேசியப் பூங்கா இல்ல. சரணாலயமும் இல்ல. அதனாலயே எல்லாருக்கும் இளக்காரம். போர்டு இல்ல, கேட் இல்ல, அப்ப காடும் இல்லைன்னு முடிவு கட்டிடறாங்க. இங்க கொஞ்சம் ரிசர்வ் ஃபாரஸ்ட், அதை ஒட்டி எஸ்டேட், அதுக்கு நடுவுல கிராமம், திரும்ப ரிசர்வ்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கிடக்கு. நிழல்ல வளர்ற காப்பித் தோட்டத்துக்கும் காட்டுக்கும் மாடு வித்தியாசம் பாக்கறதில்ல, அதுக்கு ரெண்டும் ஒரே வீடு. ரிசர்வுக்குள்ள அனுமதி இல்லாம நுழைஞ்சா குத்தம்னு 1882-ல இருந்தே வனச்சட்டம் இருக்கு, ஆனா ரிசர்வ் எங்க ஆரம்பிக்குதுன்னு வேன்ல வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனப்ப, 'ஏற்காட்டுக்கு அதெல்லாம் வேண்டாம், ஃப்ரீயா போலாம்'னு சந்தோஷமாப் பேசிக்கிட்டாங்க. ஃப்ரீதான். இருபது கொண்டை ஊசி ஏறினா போதும்.

கொண்டை ஊசின்னதும் ராணி.

ரெண்டு வருஷம் முன்னாடி, மழைக்காலம். சேலத்துல இருந்து ஏறி வந்துக்கிட்டு இருந்தேன். ஒரு வளைவுல தடுப்புச்சுவர் மேல ஒரு லேப்ரடார் உக்காந்திருந்துச்சு. கழுத்துல நல்ல பெல்ட். யாரோ போட்டோ எடுக்க இறங்கியிருக்காங்கன்னு நினைச்சு தாண்டிப் போயிட்டேன். மறுநாள் கீழ இறங்கினப்ப அதே வளைவு, அதே சுவர். வெள்ளைக் கார் எது வந்தாலும் எந்திரிச்சு நின்னு வாலை ஆட்டுது. கார் நிக்காமப் போனதும் உக்காந்துடுது. சேப்பு வண்டி, பஸ், லாரி எதுக்கும் எந்திரிக்கல. வெள்ளைக் காருக்கு மட்டும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னேன், அப்புறம் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டேன். டாக்டர்கிட்ட காட்டினப்ப இடுப்பு எலும்புல பிரச்சனை, வயசு எட்டாவது இருக்கும், வைத்தியச் செலவு தொடர்ந்து வரும்னார். வந்தவங்களுக்கும் அதே கணக்குத்தான் தெரிஞ்சிருக்கும். 'மலையில விட்டுட்டா இயற்கையோட பொழைச்சுக்கும்'னு ஒரு நம்பிக்கை இருக்கு நம்ம சனங்ககிட்ட. பாட்டி கதை மாதிரி அழகான நம்பிக்கை.

இப்பவும் வீட்டுக்கு முன்னாடி வெள்ளைக் கார் போனா எந்திரிச்சுப் பாக்கும். அவ்வவ்வ்... சரி விடுங்க.

ஆகவே நாயைக் கூட்டிட்டு ஏற்காட்டுக்கே வராதீங்கன்னு சொல்றேனா? இல்லைங்க. வாங்க. டவுன்ல நாயைச் சேத்துக்கற ரூம் தேடிப் பிடிங்க, ஏரியைச் சுத்தி ரோட்டுல கயிறோட நடங்க, அள்ளறதுக்கு ஒரு கவர் கையில வெச்சுக்கோங்க, திரும்பறப்ப எண்ணிப் பார்த்து எத்தனை நாயோட வந்தீங்களோ அத்தனையோட இறங்குங்க. காட்டுத் தடம், ஓடை, தோட்டத்துக்குள்ள இறங்கற பாதை வேண்டாம். முதுமலை, ஆனைமலை போறதா இருந்தா நாலு நாள் நாயைத் தம்பி வீட்டுல விடுங்க, ஊர்ல காசு வாங்கிட்டுப் பாத்துக்கற இடம் இருக்கு, அங்க விடுங்க. ஒரு வேளை சாப்பிடாம மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். எங்களை விட்டுட்டு தங்கமணி கல்யாணத்துக்குப் போனா நாங்களும்தான் வெச்சுக்கறோம்.

களத்துல வண்டி நிறுத்த இடம் கேட்டு வர்றவங்களுக்கு இப்ப நான் இடம் குடுக்கறதில்ல. போன மாசம்கூட ஒருத்தர் வந்தார், வண்டிக்குள்ள ஒரு ராஜபாளையம். முடியாதுன்னேன். 'என்ன சார், நாய் வெச்சிருக்கீங்க, உங்களுக்கே புரியலையா'ன்னார். அந்த நேரம் அக்கா பின்னாடி களத்துல காப்பி துழாவிக்கிட்டு இருந்தாங்க. வலது கையால மட்டும். கட்டுப் பிரிச்சு மாசக்கணக்கா ஆகியும் இடது கையில தூக்கற பலம் இன்னும் முழுசா வரல. அவரைக் கூப்பிட்டு அவங்களைக் காட்டலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா அக்காவை அப்படிக் காட்சிக்கு வெக்கறதும் சரியாப்படல. கேட்டைச் சாத்திட்டேன்.

ஞாயித்துக்கிழமை கருப்பனுக்கும் ராணிக்கும் வருஷ ஊசி. ராணி பிரச்சனை இல்ல. கருப்பனைப் பிடிக்க நாலு ஆள் வேணும், அதுல ஒருத்தர் நான். விரல் பத்தும் மிச்சம் இருந்தா அடுத்த பதிவுல பார்ப்போம்.